பதில்: ஸ்டக்கோ ரீஃபினிஷிங் - 'மேற்பூச்சு மாற்றல்' சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

நாம் தமிழாக்கும் வீட்டுக்காரர்களுக்கான கையேட்டில் 'ஸ்டக்கோ ரீஃபினிஷிங்', அதாவது வெளிச்சுவர்ச் சாந்துப் பூச்சைப் புதுப்பிப்பது, என்ற சொல்லுக்கு இதுவரை சுதைப் புதுக்கம், காரைச் சீரமைப்பு, மறுமுகப்பூச்சு, முகப்பூச்சு என்று வரிசையாக முன்மொழிவுகள் வந்துவிட்டன. நான் இலங்கை மலையகத்தில், பண்டாரவளைப் பக்கம் வீட்டு வேலைகளுக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுக்கிறவன். ஒரு சொல்லைக் கேட்டால், இதைக் கொந்தராத்துத் தாளில் எழுதினால் நாளைக்குச் சண்டை வருமா வராதா என்றுதான் என் புத்தி போகும். அந்தக் கண்ணோடு பார்த்ததைச் சொல்கிறேன்.

சுதை நல்ல பழைய சொல், மறுக்கவில்லை. ஆனால் மலையகத்தில் சுதை என்றால் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இராஜகோபுரத்துச் சிற்பங்கள்தான் நினைவுக்கு வரும். அதைச் செய்கிறவர் ஸ்தபதியோடு வருகிறவர். வீட்டுச் சுவர் பூச வருகிறவர் மேசன் பாஸ், அதாவது கொத்தனார். இரண்டு பேருக்கும் ஒரே சொல் வேண்டாம். காரை தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் பழக்கம். இங்கே சாந்து, பூச்சு என்றுதான் பேச்சு. மறுமுகப்பூச்சு என்று எழுதிக் கொடுத்தால் வீட்டின் மற்றப் பக்கத்தைப் பூசச் சொல்வதாக பாஸ் எடுத்துக்கொள்வார். முகப்பூச்சைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, அது பார்மசியில் விற்கிறது.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்ப்போம். கையேட்டின் ஆங்கில மூலம் அமெரிக்க வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. அங்கே மரச்சட்டத்தின்மேல் ஈரந்தடுக்கும் தாள், அதன்மேல் கம்பிவலை, அதன்மேல் மூன்று பூச்சு. முதற்பூச்சு ஈரமாக இருக்கும்போதே கீறிவிடுவார்கள், அடுத்தது பிடிப்பதற்காக. இரண்டாவது மட்டம் பார்ப்பது. மூன்றாவது மெல்லிய கடைசிப் பூச்சு. மூன்றும் சேர்ந்தால் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நம்முடையது செங்கல் அல்லது புளொக் சுவரில் நேரடியாக விழுகிற சாந்து. வலையும் இல்லை, தாளும் இல்லை. அதனால் அவர்களுடைய முதல் இரண்டுக்கும் பற்றுப்பூச்சு, மட்டப்பூச்சு என்று தனித்தனிப் பெயர் கொடுத்தாலும், நம் வீட்டுக்கு இரண்டையும் சேர்த்து அடிப்பூச்சு என்றால் போதும். கண்ணுக்குத் தெரிகிற கடைசிப் படை மேற்பூச்சு. பாஸ்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரீஃபினிஷிங் என்பது அந்த மேற்பூச்சை மட்டும் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடுவது. அடிப்பூச்சு கைபடாமல் இருக்கும். ஆகவே என் முன்மொழிவு 'மேற்பூச்சு மாற்றல்'. செங்கல் தெரியும்வரை கொத்திப் பூசுவது 'மறுபூச்சு'. வெடித்த இடத்தை மட்டும் அடைப்பது 'ஒட்டுப்பூச்சு'. மூன்றையும் கலக்காமல் வைத்தால்தான் கையேட்டால் பயன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அப்புத்தளைப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். தாளில் இருந்த வாசகம் 'வெளிச்சுவர் பூச்சுத் திருத்தம்', அவ்வளவுதான். முழுச்சுவரையும் கொத்தி எடுப்பார்கள் என்று வீட்டுக்காரம்மா நம்பியிருந்தார். பாஸ் வெடிப்புகளை அடைத்து, மேலே ஒரு கை இழுத்து, மிச்சக் காசைக் கேட்டு நின்றார். இரண்டு பேரும் அந்த ஒரே வரியில் விரல் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். தாளின்படி இரண்டு பேரும் சொன்னது சரி!

எந்தச் சொல்லை எழுதுவது என்பதைச் சுவர்தான் தீர்மானிக்கும். சுத்தியல் பிடியால் அடிக்கொரு தரம் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று கேட்டால் அடிப்பூச்சு பிடித்திருக்கிறது. டொப்பென்று கேட்டால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. அங்கே மேற்பூச்சு மாற்றிப் பலனில்லை. அந்த இடங்களை வெண்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு, அப்புறம்தான் விலை பேச வேண்டும். வேலை நடக்கும்போது புதிதாக அப்படி ஓர் இடம் அகப்பட்டால், அதற்கு மட்டும் மறுபூச்சுக் கூலி சதுர அடிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். தாளில் இரண்டு சொல்லும் இருந்தால்தான் இந்த வரியையே எழுத முடியும்.

பழைய பங்களா, தோட்டத் தொழிலாளர் இருக்கும் பழைய லயன் வீட்டுச் சுவர்களில் இது இன்னும் முக்கியம். அவற்றில் பல சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. சீமெந்து கூடினால் பலம் கூடும் என்று நினைத்து அதன்மேல் இறுகிய கலவையைப் போடுவார்கள். சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல், உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். இந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு கலந்த மென்கலவைதான் சரி. சாதாரணச் செங்கல் சுவருக்கே ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து அல்லது ஆறு பங்கு மணல் என்பதுதான் வழக்கம். கையேட்டில் கலவை விகிதத்துக்குத் தனி வரி வேண்டும் என்பது என் கட்சி.

மேற்பூச்சு என்றால் பெயின்டையும் குறிக்காதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பேச்சில் சாந்து பூசுவோம், பெயின்ட் அடிப்போம், குழப்பமில்லை. எழுத்தில்தான் பெயின்ட் தீந்தையாகி, 'தீந்தை பூசுதல்' என்று வந்துவிடுகிறது. கையேடு முழுக்கத் 'தீந்தை அடித்தல்' என்றே வைத்தால் தீர்ந்தது. சிங்கள பாஸ்மாரிடம் பூச்சுக்குக் கபராரு என்று சொல்லித்தான் வேலை வாங்குகிறோம். அந்தச் சொல்லையும் பின்னிணைப்பில் போட்டுவிடலாம்.

பூசிய சுவரைச் சில நாள் ஈரமாக வைத்திருக்கும் 'கியூரிங்'குக்கு 'நீர் காட்டல்' என்று வந்திருப்பதை ஏற்க மாட்டேன். பாஸ் நமக்குத் தண்ணி காட்டுகிறார் என்று ஆகிவிடும். 'நனைத்து வைத்தல்' போதும். எங்கள் ஊவா மாகாணப் பக்கம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை இங்கே தேயிலைக்குத் தரமான பருவம், வறண்ட காற்று வீசும். பூச்சு வேலைக்கும் அதுதான் மழையில்லாத காலம், ஆனால் அதே காற்று ஈரத்தை உறிஞ்சி மயிரிழை வெடிப்பை உண்டாக்கும். குறைந்தது ஒரு வாரம் சுவரை நனைக்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். நுவரெலியாவில் அந்த மாதங்களில் சில இரவு துகள்பனி விழும், பின்னேரம் பூசினால் இறுகாது. 'வேலைக்காலம்' என்று ஒரு தலைப்புப் போட்டால் இதெல்லாம் அதற்குள் அடங்கும்.

கொன்ட்ரக்டருக்கு 'ஒப்பந்தகாரர்' என்பதை, 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வரும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்தவர்களுக்கு வைப்போம். இரண்டு கையாளோடு வந்து பூசிவிட்டுப் போகிறவர் பாஸ்தான். அவரை ஒப்பந்தகாரர் என்று எழுதினால் அவருக்கே சிரிப்பு வரும்.

மிச்சமிருப்பது ரஃப்காஸ்ட். பழைய பங்களாச் சுவர்களில் சிறுகல்லோடு சாந்தை வீசி எறிந்து செய்த சொரசொரப்பான பூச்சு. 'எறிபூச்சு' என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாருக்காவது உங்கள் பக்கத்து பாஸ்மார் சொல்லும் சொல் தெரிந்தால் எழுதுங்கள், என்னுடையதைக் கைவிடத் தயார்.