இரும்பு டேஷ்போர்டில் மரவரி: கிளியர் அடித்தால் சுருங்குகிறது

சுங்கை சிப்புட்:
1930களின் அமெரிக்கக் கார். டேஷ்போர்டு, ஜன்னல் சட்டம் எல்லாம் இரும்பு, அதன்மேல் மரம் மாதிரி தெரியப் போட்ட வரி (மரவரி) உரிந்துவிட்டது. ஆயில் கலரில் வரி இழுத்து மேலே லாக்கர் கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடித்தால் சுருங்குகிறது, மழை நாளில் வெள்ளை பூக்கிறது. என்ன செய்யலாம் அண்ணே?

பீடோர் பட்டறை:
ரெண்டும் வேற வேற கோளாறு. ஆயில் முழுசா காயலன்னா லாக்கர் தின்னர் அதைக் கிளப்பிவிடும். விரல் வைத்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், நம்பாதீங்க. ஒரு வாரமாவது விடுங்க. கிளியரை முதல் ரெண்டு கை தூவல் மாதிரி மெல்லிசா அடிங்க. வெள்ளை பூப்பது, தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் படிவதால். மெதுவாகக் காயும் தின்னர் போட்டு, வெயில் நேரத்தில் அடிங்க.

தாப்பா:
அடிநிறம் மரத்தின் ஆக வெளிர் வரியின் நிறமாக இருக்கணும். அதை லாக்கரிலோ 2கே-யிலோ (ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) அடித்து, 600 உப்புத்தாள் போடுங்க. அப்போதான் வரி பிடிக்கலன்னா ஒயிட் ஸ்பிரிட்டில் (ஆயில் பெயிண்டைக் கரைக்கும் தின்னர்) துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். பர்ண்ட் அம்பர் (கரும்பழுப்பு) டியூப் ஆயில் கலரை ஒயிட் ஸ்பிரிட், லின்சீட் ஆயில் சமபங்கில் தளர்த்தி, மயிர் இடைவிட்டு வெட்டிய பழைய பிரஷால் ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தினால் கறை தெரியும். சட்டத்தின் மூலையில் 45 டிகிரி டேப் ஒட்டி, ஒரு பக்கம் காய்ந்தபிறகு மறுபக்கம். வரி வளைந்து திரும்பினால் பொய் மரம்னு காட்டிக்கொடுத்துடும்.

பீடோர் பட்டறை:
முதலில் பிஸ்கட் டின் மூடியில் கிளியர் வரைக்கும் பார்த்துடுங்க. 2கே கிளியர்னா மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் இருக்கு, துணி மாஸ்க் போதாது லா.