முகம் மட்டும் சேறாகிப் போகிறது: யாவ்லென்ஸ்கி படத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணம் பழகுகிறேன்

கேள்வி:
இரண்டு வருடம் அக்ரிலிக்கில் வரைந்துவிட்டு இப்போதுதான் எண்ணெய் வண்ணத்துக்கு வந்திருக்கிறேன். அலெக்ஸி யாவ்லென்ஸ்கி 1909-இல் வரைந்த நடனக் கலைஞர் அலெக்சாண்டர் சகாரோஃப் உருவப்படத்தைப் பார்த்து வரைகிறேன். சிவப்பு உடை, கையில் பூ, மாவு பூசியதுபோல வெளுத்த முகம், அதில் பச்சை நிழல். உடை ஓரளவு வந்துவிட்டது, முகத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கோடு இழுத்தால் அது அடியிலிருக்கும் வெள்ளையையும் வாரிக்கொண்டு வருகிறது, சரிசெய்யப் போய்த் தேய்த்துத் தேய்த்து மூன்று தடவையும் கன்னம் முழுக்கச் சாம்பல் சேறு. காயவிட்டுப் போடவேண்டுமா, ஈரத்திலேயே முடிக்கவேண்டுமா?

பதில் 1:
அக்ரிலிக் பழகிய கை இது. அக்ரிலிக்கில் தண்ணீர் ஆவியானதும் நிறம் நின்றுவிடும், அதன்மேல் கோடு போடலாம். எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுவது, தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாளாகும். அதனால் வரிசையை மாற்றுங்கள். கோடுதான் முதலில். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்போடு கொஞ்சம் பிரஷ்யன் நீலம் என்ற கருநீலம் கலந்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, கண், மூக்கு, தாடை எல்லாவற்றையும் வரைந்துவிட்டு ஒரு நாள் விடுங்கள். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். மறுநாள் வெள்ளையைக் கெட்டியாக எடுத்துக் கோட்டின் ஓரம்வரை கொண்டுபோய் நிறுத்துங்கள், மேலே ஏற்றாதீர்கள். அப்புறம், வெள்ளைக்கு ஒரு பிரஷ், பச்சைக்கு ஒரு பிரஷ். ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான், பிடிக்கவில்லையென்றால் பேலட் கத்தியால் சுரண்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் பச்சையையும் கொஞ்சம் கவனியுங்கள். யாவ்லென்ஸ்கியின் இந்த மாதிரிப் படங்களில் நிறம் மனம்போனபடி இருப்பதாகத் தோன்றும், ஒளி இருள் அளவு மட்டும் பிசகாது. மூலப்படத்தின் நகலைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், அந்தப் பச்சை நிழல் வெள்ளையைவிட எவ்வளவு கறுக்கிறது என்று தெரியும். உங்களுடையதையும் அப்படியே எடுத்துப் பக்கத்தில் வைத்தால் எங்கே தவறு என்று கண்ணே சொல்லிவிடும்.

இன்னொன்று, சகாரோஃப் மேடை ஒப்பனையோடு வந்து உட்கார, ஒரே அமர்வில் முடித்த படம் இது. யாவ்லென்ஸ்கி மறுபடி கைவைத்துவிடுவார் என்று பயந்து, ஈரம் காயுமுன்னே சகாரோஃப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்று சொல்வார்கள். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்:
கோட்டை முதலில் போட்டுப் பார்த்தேன். இடது கண் அப்படியே நின்றுவிட்டது! வெள்ளைக்கும் கோட்டுக்கும் நடுவே மயிரிழை அளவுக்குப் பலகையே தெரிகிறது, அதை மூடவேண்டுமா?

பதில் 1:
வேண்டாம், விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் கோட்டுக்கு மூச்சு வருகிறது. எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். வண்ணத்திலிருக்கும் லின்சீட் எண்ணெய் (ஆளிவிதை எண்ணெய்) பட்ட துணி குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம்.