கழுத்துக்கு ‘சத்தம் வராத’ கைரோபிராக்டிக் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

தோவாளை மருமகள்

முதுகெலும்பையும் கழுத்தெலும்பையும் கையால் அழுத்தியும் திருப்பியும் செய்கிற வைத்தியம்தான் கைரோபிராக்டிக், பல இடங்களில் ‘டக்’ என்று சத்தம் வரும். என் மாமியாருக்காகக் கேட்கிறேன். வயது அறுபதைத் தாண்டியாச்சு. தோவாளையில் மாலை கட்டுகிறவர். மாணிக்கமாலை தெரியும்தானே, அரளிப்பூவையும் நொச்சி இலையையும் சம்பா நாரில் வைத்து மடித்து மடித்துத் தட்டையாகக் கட்டுவது. தரையில் சம்மணம் போட்டுக் குனிந்தால் நிமிர மணிக்கணக்கு ஆகும். ஓணம் வந்தால் கேட்கவே வேண்டாம். இப்போது பிடரியில் ஆரம்பிக்கிற வலி மண்டை வழியே ஏறி வலது கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. எண்ணெய், ஒத்தடம், மாத்திரை எல்லாம் பார்த்தாச்சு.

துபாயிலிருந்து லீவில் வந்த சொந்தக்காரர் ஒருத்தர், “அங்கே கைரோபிராக்டர் காதுக்குக் கீழே சும்மா தொடுவார், சத்தமே வராது, எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிடும்” என்கிறார். நாகர்கோவில் பக்கமும் இப்போது கைரோ என்று போர்டு கண்ணில் படுகிறது. யூடியூபில் பார்த்தால் பாதிப்பேர் தலையைப் பிடித்து முறுக்குகிறார்கள், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மெதுவாகச் செய்கிற முறையில் போனவர்கள் சொல்லுங்கள். நல்லது கெட்டது ரெண்டும் வேணும்.

கருங்கல்காரன்

நான் போயிருக்கிறேன் அக்கா. துபாயில் டவர் கிரேன் ஓட்டுகிறவன். கேபின் தரையில் கண்ணாடி இருக்கும். ரெண்டு காலுக்கு நடுவே குனிந்து கொக்கியைப் பார்த்துக்கொண்டே ஷிஃப்ட் முடியும். கடைசியில் வண்டியைப் பின்னால் எடுக்கக்கூடத் தலை திரும்பாது, உடம்போடு திரும்புவேன். தலைவலி உங்கள் மாமியாருக்குச் சொன்ன அதே பாதைதான், எனக்கு இடது பக்கம்.

முதல்நாள் அவர் என் கழுத்தைத் தொடவே இல்லை. கேள்விகள்தான். தலை சுற்றுகிறதா, பார்வை ரெண்டாகத் தெரிகிறதா, உயரத்திலிருந்து விழுந்ததுண்டா, கை மரத்துப்போகிறதா, ரத்தம் இளகும் மாத்திரை சாப்பிடுகிறாயா, மூட்டுவாதம் உண்டா. ரிஃப்ளெக்ஸ் தட்டிப் பார்த்தார், கண்ணை அசைக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு கழுத்துக்கு மூன்று கோணத்தில் எக்ஸ்ரே. அதில் கோடு போட்டு, முதல் எலும்பு எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று கணக்குப் பண்ணினார். மறுதடவைதான் சிகிச்சை.

ஒருக்களித்துப் படுக்க வைத்தார், தலைக்கடியில் சின்ன கட்டை மாதிரி ஒரு தாங்கல். காது மடலுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால் விரல் வைத்தால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதுதான் முதல் கழுத்தெலும்பின் ஓர முனையாம். அந்த இடத்தில் தன் மணிக்கட்டின் சுண்டுவிரல் ஓரத்து எலும்பை வைத்தார். அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால், மூடிய கண்மேல் நாம் விரல் வைப்போமே, அவ்வளவுதான். நான் காத்துக்கொண்டே கிடந்தேன். பொறுக்காமல் “எப்ப சார் ஆரம்பிப்பீங்க?” என்றேன். முடிஞ்சாச்சு, அசையாமல் படு என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அரைமணி நேரம் கிடந்து எழுந்தேன்.

பலன்? அன்று ராத்திரி வலி கூடியது, அதை அவர் முன்னமே சொல்லியிருந்தார். ரெண்டு மூணு வாரத்தில் தலை திரும்ப ஆரம்பித்தது. தலைவலி பாதிக்கு மேல் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. ஆனால் அவர் சொல்லிக்கொடுத்த தாடையை உள்ளே இழுக்கிற பயிற்சியையும் விடாமல் செய்தேன், கேபினில் சீட்டையும் மாற்றிக் கேட்டு வாங்கினேன். எது வேலை செய்தது என்று சத்தியம் பண்ண முடியாது. ஒவ்வொரு தடவையும் ரெண்டு காலையும் சேர்த்துவைத்து எது குட்டை என்று பார்ப்பார், அதில் மட்டும் எனக்கு நம்பிக்கை வரவே இல்லை.

அவர் சொன்ன கதையையும் போட்டுவிடுகிறேன். கைரோபிராக்டிக்கை 1895ல் அமெரிக்காவில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி. டி. பாமர் தொடங்கினார். அவர் மகன் பி. ஜே. பாமர்தான் 1930களில் மேல்கழுத்தைப் பிடித்துக்கொண்டவர், அதைச் சரிசெய்தால் கீழே உள்ளது தானே சரியாகும் என்று. 1966ல் இந்த மெதுவான முறைக்கென்றே நூக்கா என்று ஒரு சங்கம் வந்தது. எனக்குச் செய்தது அந்த வழிதான்.

குலசேகரம் ரப்பர்

நமக்கு துபாய் எல்லாம் இல்லை. விடியுமுன்னே நெற்றியில் லைட் கட்டி பால்வெட்டப் போகிற ஆள். உயரத்தில் வெட்டுகிற மரம் என்றால் அண்ணாந்து, தாழ வெட்டுகிற மரம் என்றால் குனிந்து. கழுத்துக்கு எங்கள் பக்கம் வர்ம ஆசானைத்தான் பார்ப்போம். வர்மம் (உடம்பில் அடிபட்டால் ஆபத்தான இடங்கள்) 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தடவு ஆசான்கள் பிடரியில் கை வைக்க நிறையவே யோசிப்பார்கள்.

எனக்கு நடந்தது அதுதான். கழுத்துவலியோடு கட்டைவிரல் மரத்துக்கொண்டிருந்தது. ஆசான் என் ரெண்டு கையையும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், ஒரு கை தளர்கிறது என்று கண்டுகொண்டார். எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, “இது தடவுற கேஸ் இல்ல மக்கா, முதல்ல படம் எடுத்துட்டு வா” என்றார். தட்சிணையும் வாங்கவில்லை. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் ஸ்கேன் எடுத்தால் 5ஆம் கழுத்தெலும்புக்கும் 6ஆம் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொடுகிறது. மேல்கழுத்தை எத்தனை மெதுவாகத் தொட்டாலும் எனக்கு என்ன ஆகப்போகிறது?

தக்கலை

சுருக்கமாக என் கதை. படுக்கையில் புரண்டால் வீடே சுற்றும், அரை நிமிடத்தில் நிற்கும். ஒரு கிளினிக்கில் (பேர் வேண்டாம்) கழுத்தெலும்பு நகர்ந்திருக்கிறது, அதனால்தான் தலைசுற்று என்று சொல்லி மொத்தமாகப் பணம் கட்டும் பேக்கேஜில் சேர்த்துவிட்டார்கள். மெதுவாகத்தான் தொட்டார்கள், வலியும் இல்லை, பலனும் இல்லை. கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டர் என்னைக் கட்டிலில் சடாரென்று சாய்த்து, கண் துடிப்பதைப் பார்த்து, காதுக்குள் இருக்கும் சின்னக் கல் இடம் மாறியிருக்கிறது என்றார். எப்ளி என்று ஒரு முறை, தலையை இப்படியும் அப்படியும் வைத்து உருட்டினார். அன்றே அடங்கிவிட்டது. கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

மார்த்தாண்டம் பிசியோ

நான் பிசியோதெரபிஸ்ட், கைரோபிராக்டர் இல்லை. தொழில் பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், கருங்கல்காரருக்குச் செய்தவர் நல்லபடியாகத்தான் செய்திருக்கிறார்.

மேலே உள்ள ரெண்டு எலும்பும் தனி ரகம். முதலாவது அட்லஸ், ஒரு வளையம். ரெண்டாவது ஆக்ஸிஸ், அதிலிருந்து ஒரு முளை கிளம்பி அந்த வளையத்துக்குள் நிற்கும். ரெண்டுக்கும் நடுவே டிஸ்க் கிடையாது. தலையை இடம் வலமாகத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது. நாலரை, அஞ்சு கிலோ தலை இதன்மேல் உட்கார்ந்திருக்கிறது.

பிடரி வலி கண்ணுக்குப் பின்னால் ஏன் வருகிறது? மேல் மூன்று கழுத்து நரம்புகளும் முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பும் மூளைத்தண்டுப் பக்கம் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. வலி எங்கிருந்து வந்தது என்று மூளை குழம்பிவிடும். இந்த ரகத் தலைவலிக்குக் கழுத்தில் கைவைத்தியமும் பயிற்சியும் உதவும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘எலும்பு நகர்ந்திருக்கிறது, தட்டி உட்காரவைத்தேன்’ என்பதை நான் ஏற்பதில்லை. வலியே இல்லாத ஆளுக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் கொஞ்சம் சாய்வு தெரியத்தான் செய்யும். அவ்வளவு லேசான தொடலில் தசை இறுக்கம் விடும், நரம்பு அமைதியாகும், அப்புறம் அரைமணி நேர ஓய்வு இருக்கிறது. அதுவே பலருக்குப் போதும்.

பயம் எங்கே என்றால், மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் வெர்டிப்ரல் குழாய் இந்தக் கழுத்தெலும்புகளின் ஓட்டை வழியாக ஏறி, அட்லஸ்மேல் ஒரு வளைவு வளைந்துதான் மண்டைக்குள் நுழைகிறது. வேகமாக முறுக்கினால் அதன் உள்சுவர் கிழியலாம். அமெரிக்க இதய சங்கம் 2014ல் சொன்னது இது: கழுத்தைத் திருப்பும் சிகிச்சைக்கும் இந்தக் கிழிசலுக்கும் தொடர்பு காணப்படுகிறது, அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை, ஆனாலும் செய்யும் முன் நோயாளியிடம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கிழிசல் தொடங்கி, அந்த வலிக்காகவே ஆள் சிகிச்சைக்குப் போயிருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே இதுவரை இல்லாத மாதிரி திடீரென்று கழுத்தோ தலையோ வலித்தால், கூடவே பேச்சு குழறல், இரட்டைப் பார்வை, விழுங்க முடியாமை, தள்ளாட்டம், முகம் மரத்தல் ஏதாவது இருந்தால் கைரோவும் வேண்டாம், ஆசானும் வேண்டாம், நானும் வேண்டாம். நேரே பெரிய ஆஸ்பத்திரிதான்.

போர்டு வைத்திருப்பவரிடம் எங்கே படித்தீர்கள், வருஷக்கணக்கில் முழுநேரப் படிப்பா, வார இறுதி வகுப்பா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதைவிட, அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். ஒன்றும் கேட்காமல் கழுத்தில் கை வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தோவாளை அக்கா, ஒரு கேள்வி. மாமியாருக்கு விரல் மூட்டு வீக்கம், காலையில் விறைப்பு ஏதாவது உண்டா?

குழித்துறை

மேலே சொன்ன ரத்தக்குழாய் விஷயம் எங்கள் வீட்டில் நடந்தது. கைரோவில் இல்லை, சலூனில். முடிவெட்டி, தலையில் தட்டி மசாஜ் பண்ணி, கடைசியில் தாடையையும் பின்மண்டையையும் பிடித்து ரெண்டு பக்கமும் ஒரு வெட்டு வெட்டுவார்களே. என் மைத்துனருக்கு அது பழக்கம், சத்தம் வந்தால்தான் திருப்தி. அன்று சாயங்காலமே பிடரியில் ஒரு பக்கமாகத் தாங்க முடியாத வலி, ராத்திரி வாந்தி, நடந்தால் ஒரு பக்கம் சாய்கிறார். பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுத்தோம். விடிந்ததும் வாய் கோணிய மாதிரி தெரிந்தது, தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் உறையாமல் இருக்க மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டார். இப்போது நன்றாக இருக்கிறார், பைக் மட்டும் ஓட்டுவதில்லை. முடிவெட்டப் போனால் கழுத்தில் கை வைக்காதே என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

கொட்டாரம்

இந்தத் தொடலில் பிரஷர் இறங்கும் என்று வாட்ஸப்பில் ஒன்று சுற்றுகிறதே, உண்மையா? எனக்கு 150க்கு மேல் ஓடுகிறது.

மார்த்தாண்டம் பிசியோ

2007ல் 50 பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு வந்தது, நல்ல இறக்கம் காட்டியது. அதைத்தான் இன்னும் சுற்றவிடுகிறார்கள். 50 பேர் கணக்கை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் அண்ணாச்சி.

தோவாளை மருமகள்

எல்லாருக்கும் நன்றி. பிசியோ கேட்டதும் மாமியாரின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். விரல் வீக்கத்துக்கு என்று டாக்டர் கொடுத்தது, வாரத்தில் ஒருநாள் மட்டும் போடுவது, மெத்தோட்ரெக்சேட். பூக்கட்டுகிற கை, விறைக்கத்தான் செய்யும் என்று அவர் எங்களிடம் ஒன்றும் சொல்லிக்கொண்டதில்லை. இதற்கும் கழுத்துக்கும் என்ன?

மார்த்தாண்டம் பிசியோ

நிறைய இருக்கிறது. அது முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற மருந்து. அந்த நோய் விரலோடு நிற்காது. ஆக்ஸிஸ் முளையை அட்லஸ் வளையத்தோடு பிடித்துவைத்திருக்கும் நாரையும் அரித்துத் தளர்த்திவிடும். தளர்ந்தால் குனியும்போது முளை தண்டுவடத்தை நோக்கி நகரும். இப்படிப்பட்டவருக்கு மெதுவான முறையும்கூட ஆகாது. கழுத்தைக் குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று என்று பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து, மருந்து எழுதிய டாக்டரிடமே காட்டுங்கள். எடுக்கும்போது மாமியார் தானாகக் குனியட்டும், யாரும் பிடித்து வளைக்கக் கூடாது.

தோவாளை மருமகள்

எடுத்தாச்சு. முளைக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரியவர்களுக்கு 3 மில்லிமீட்டருக்குள் இருக்கணுமாம், குனிந்து எடுத்ததில் இவருக்கு 5. எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு நரம்பு சர்ஜனைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் போனால் காலர், கழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. துபாய் சொந்தக்காரர் இன்னும் “ஒரு தடவை காட்டித்தான் பாருங்களேன்” என்கிறார், நான் போனை எடுப்பதில்லை.

இப்போது சண்டை வேறு. குனியக் கூடாது என்றதும் மாலையை மேசைமேல் வைத்துக் கட்டச் சொன்னோம். மேசையில் வைத்தால் நார் இறுக்கம் நிற்காது, மடிப்பு கோணும் என்கிறார் மாமியார்.

குலசேகரம் ரப்பர்

தோளுக்கு எண்ணெய் தேய்க்கலாமா என்று அதையும் கேளுங்கள், அந்த வயதில் ஒன்றுமே செய்யாதே என்றால் இருக்க மாட்டார்கள்.

மார்த்தாண்டம் பிசியோ

தோள்பட்டையில் சூடாகத் தேய்க்கலாம், பிடரிக்கு மேலே போக வேண்டாம். மேசைக்குப் பதில் நெஞ்சுக்கு நேரே வருகிற மாதிரி ஒரு சாய்பலகை அடித்துக்கொடுங்கள், கீழ்முனையில் நாரைக் கட்ட ஒரு ஆணி. ஆணியில் கட்டினால் இறுக்கம் நிற்கும். முழங்கைக்கும் தாங்கல் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே நாளில் பழையபடி தரையில் உட்கார்ந்துவிடுவார்.