எந்தக் கட்டையிலாவது 1 இருந்தால், தாயம் விழ வாய்ப்பு 1/4ஆ, 2/7ஆ?

குடியாத்தம் வாசகர்:
சித்திரை வெயிலுக்கு எங்கள் தெருத் திண்ணைகளில் தாய ஆட்டம்தான். அங்கே எழுந்த வழக்கு இது. பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் வெற்று, 1, 2, 3 என நான்கு முகங்கள். உருட்டியவர் கையால் மூடிக்கொண்டார். "எந்தக் கட்டையிலாவது 1 இருக்கிறதா?" என்று கேட்டோம். "இருக்கிறது" என்றார். தாயமாக வேண்டுமானால் மற்றது வெற்றாக இருக்க வேண்டும். நான்கு முகத்தில் ஒன்று, ஆகவே 1/4. பிளஸ் டூ பையன் ஒருவன் 2/7 என்று சாதிக்கிறான். இது என்ன நியாயம்?

காட்பாடி கணித ஆசிரியர்:
பையன் சொன்னதே சரி. மொத்தம் 16 விளைவுகள், எல்லாம் சமவாய்ப்பு. வெற்றை 0 என்று வைத்து, 1 உள்ளவற்றை எழுதுங்கள்: (1,0), (1,1), (1,2), (1,3), (0,1), (2,1), (3,1). ஏழு. அவற்றில் தாயம் இரண்டு. கிடைத்த தகவலுக்குப் பொருந்தாத ஒன்பதையும் அடித்துவிட்டு, மிஞ்சியதற்குள் எண்ணுவதுதான் நிபந்தனை நிகழ்தகவு.

குடியாத்தம் வாசகர்:
ஏற்க முடியவில்லை ஐயா. (1,0), (0,1) இரண்டையும் தனித்தனியாக எண்ணும்போது (1,1)க்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை? அதையும் இருமுறை எண்ணினால் எட்டில் இரண்டு, அதே 1/4.

காட்பாடி கணித ஆசிரியர்:
ஒரு கட்டைக்குச் சிவப்புப் பொட்டும் மற்றதற்குப் பச்சைப் பொட்டும் வையுங்கள், தம்பி. சிவப்பில் 1, பச்சையில் வெற்று என்பது ஒரு வழி; சிவப்பில் வெற்று, பச்சையில் 1 என்பது வேறு வழி. இரண்டிலும் 1 விழ ஒரே வழிதான். "மற்றது" என்று நீங்கள் சொல்லும்போதே, 1 விழுந்த கட்டை எது என்று தெரிந்ததாக வைத்துக்கொள்கிறீர்கள். அவர் அதைச் சொல்லவே இல்லையே! "சிவப்பில் 1" என்று சொல்லியிருந்தால் நான்கு விளைவுகள்தான் மிஞ்சும். அப்போது 1/4 சரி.

ஆற்காடு வாசகி:
யாரும் கேட்காமலே, அவர் ஏதோ ஒரு கட்டையை மட்டும் பார்த்து "1" என்று சொல்லியிருந்தாலும் 1/4தான், ஐயா. (1,1)இல் கட்டாயம் 1 என்பார். மற்ற ஆறில் பாதி வாய்ப்புதான். ஒன்றும் மூன்றும் நான்கு; அதில் தாயத்தின் பங்கு ஒன்று.

காட்பாடி கணித ஆசிரியர்:
உண்மை, அம்மா. அதனால்தான் என்ன கேட்டார்கள் என்பதை விட்டுவிட்டுக் கணக்குப் போடக் கூடாது என்கிறேன். இங்கே கேள்வி "எந்தக் கட்டையிலாவது".

குடியாத்தம் வாசகர்:
உருட்டியே பார்த்துவிடுகிறோம்.

காட்பாடி கணித ஆசிரியர்:
தாராளமாக. ஆனால் 1/4க்கும் 2/7க்கும் வித்தியாசம் 1/28தான். நூறு உருட்டலில் பிடிபடாது. (1,1)ஐயும் தாயத்தையும் தனித்தனியே குறியுங்கள். உங்கள் எண்ணிக்கைப்படி இரண்டும் சமமாக விழ வேண்டும். என் கணக்கில் (1,1) தாயத்தில் பாதிதான் விழும்.