பேட்டில்ஸ்டார் கேலக்டிகா விண்வெளித் தொடர்: உங்களை விடாத ஒரு காட்சி எது?

கடைசி பஸ்:
எனக்குப் புதிய தொடரின் முதல் எபிசோடு '33'தான். மனிதர்களை அழிக்கத் துரத்தும் இயந்திர இனமான சைலன்கள் 33 நிமிடத்துக்கு ஒருமுறை வந்துவிடுவார்கள், தப்பித்தவர்களின் கப்பல்கள் ஒரே நொடியில் வேறிடத்துக்குத் தாவும், மறுபடி கடிகாரம் ஓடும். ஐந்து நாளாக யாருக்கும் தூக்கம் இல்லை. நானும் இரவுப் பணி முடிந்து வந்து, கண் எரிய எரியப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தாவலில் பின்தங்கிப்போன ஒலிம்பிக் கேரியர் கப்பல் திரும்பி வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 1,345 பேர் இருந்த கப்பல். அப்போலோ என்று அழைக்கப்படும் விமானி லீ, தன் வைப்பர் போர் விமானத்தை அதன் பக்கத்திலேயே ஓட்டிப்போய் ஜன்னல்களைப் பார்ப்பான். அப்புறம், அதை வைத்துத்தான் சைலன்கள் பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகத்தில் அவனும் சக விமானி ஸ்டார்பக்கும் சுட்டுவிடுவார்கள். உள்ளே ஆள் இருந்தார்களா? எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அந்த ஜன்னலை விட்டு நான் நகரவில்லை.

பழைய வைப்பர்:
நான் 1978 தொடரை வீடியோ காசெட்டில் பார்த்து வளர்ந்தவன். அதில் ஆணாக இருந்த ஸ்டார்பக் புதியதில் பெண் என்று கேள்விப்பட்டபோது கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஏதோ புதியதுதான் முதன்முதலில் இருட்டைக் காட்டியது போலப் பேசாதீர்கள். பழையதிலும் சமாதானப் பேச்சு என்று ஏமாற்றித்தான் 12 கோள்களையும் அழிப்பார்கள். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே சூதாட்ட விடுதிக்குப் போய்விடுவார்கள், அது உண்மை.

என்னை உடைத்தது புதியதின் 'பாஸ்டில் டே' எபிசோடு. சிறைக் கப்பலில் டாம் ஸாரெக்காக ரிச்சர்ட் ஹாட்ச். எங்கள் பழைய அப்போலோ! புது அப்போலோவிடம் அந்தப் பெயரைப் பற்றியே பேசுவார். முகத்தில் சுருக்கம், குரல் மட்டும் அதேதான். அன்றைக்குத்தான் புதிய தொடரோடு சமாதானம் ஆனேன். 2017-ல் அவர் இறந்தபோது மறுபடி அந்தக் காட்சியைத்தான் போட்டுப் பார்த்தேன்.

மல்லிப்பந்தல்:
பழைய வைப்பர் அண்ணா, ஸ்டார்பக் விஷயத்தில் நீங்கள் இன்னும் முழுசாக மனம் மாறவில்லை என்று தோன்றுகிறது. புது ஸ்டார்பக்காக நடித்த கேட்டி சாக்காஃப் இல்லாமல் இந்தத் தொடரே இல்லை.

என் காட்சி, புதிய தொடருக்கு முன்னால் வந்த மினி சீரீஸில். செடிகள் நிறைந்த கப்பலில் ஜனாதிபதி ரோஸ்லின் ஒரு சிறுமியிடம் பேசுவார். அந்தக் கப்பலால் தாவ முடியாது. தாவ முடியாதவற்றை விட்டுவிட்டுப் போக ரோஸ்லின்தான் உத்தரவு கொடுக்க வேண்டும். ஏவுகணைகள் வரும்போது அந்தக் குழந்தை தனியாக உட்கார்ந்திருப்பாள். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது, பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டுப் போய் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். மீதியைப் பார்க்க இரண்டு மாதம் ஆயிற்று.

கோபால்ட்:
மல்லிப்பந்தல் அக்கா சொன்ன இடத்தில் நானும் நிறுத்தினேன். சரி, புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2003 மினி சீரீஸைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். அதன் பிறகுதான் '33'. இதில் மாற்றிப் பார்த்தால் ஒன்றும் புரியாது. 'ரேசர்' என்ற தனிப் படம் மூன்றாவது சீசன் முடிந்ததும், 'தி பிளான்' படம் எல்லாம் முடிந்த பிறகு. ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். நியூ காப்ரிகா கோளைச் சைலன்கள் ஆக்கிரமித்திருக்கும் எபிசோடுகளை நாளுக்கு ஒன்று போதும். நாம் இதுவரை யார் பக்கம் நின்றோமோ அவர்களே தற்கொலைத் தாக்குதலுக்கு ஆள் அனுப்புவார்கள். அதை நிதானமாக யோசிக்க ஒரு இரவாவது வேண்டும். இசையமைப்பாளர் பியர் மெக்ரீரியின் இசைக்காகவாவது நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பறைகள் போனில் கேட்காது. கடைசி சீசன் முடிவைப் பற்றி யாரிடமும் முன்கூட்டியே கேட்காதீர்கள்.

வார்டு 4:
கடைசி பஸ், நான் செவிலியர். '33'-ல் நீங்கள் ஜன்னலில் நின்றுவிட்டீர்கள், நான் ரோஸ்லினின் வெள்ளைப் பலகையில். உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையை அதில் எழுதியிருப்பார்; ஒவ்வொரு இழப்புக்கும் அந்த எண் குறையும். கொரோனா சமயத்தில் எங்கள் வார்டிலும் ஒரு பலகை இருந்தது, இரவில் அதை அழித்து எழுதுவது என் வேலை. வீட்டுக்கு வந்து அந்த எபிசோடைத் திரும்பப் போட்டேன். கடைசியில் கப்பல் ஒன்றில் குழந்தை பிறந்த செய்தி வரும். ரோஸ்லின் எழுந்துபோய் 47,972-ஐ 47,973 ஆக்குவார். ஒரே ஒரு எண். நான் சத்தம் போட்டு அழுதேன். அம்மா பயந்துபோய்க் கதவைத் தட்டினார்கள்.