கால்டெராவுக்குத் தமிழ்: 'எரிமலைத் தாழி' சரிவருமா?

மன்னார்குடி ஐயாவுக்கும் மற்ற அன்பர்களுக்கும் வணக்கம்.

கால்டெரா (caldera) என்ற எரிமலைப் பள்ளத்துக்கு நீங்கள் சொன்ன 'எரிமலைப் பெருவாய்' எனக்கு ஒப்பவில்லை, ஐயா. வாய் என்றால் கக்குகிற இடம். எரிமலை கக்கும் குழியான கிரேட்டருக்கு (crater) அது பொருந்தும். கால்டெரா என்பது பெரிய கிரேட்டர் அல்ல, உருவாகும் விதமே வேறு. அடியிலிருந்த பாறைக்குழம்பு பெருமளவு வெளியேறியதும் மேல்கூரைக்குத் தாங்கல் இல்லாமல் போகிறது. சுற்றிலும் வட்டமாகப் பிளவு விட்டு, நடுப்பகுதி அப்படியே கீழே இறங்கிவிடுகிறது. அமெரிக்காவின் ஒரிகனில் சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா மலை இப்படித்தான் இறங்கியது. அந்தப் பள்ளத்தில் இன்று 594 மீட்டர் ஆழமுள்ள ஏரி. அதற்குப் போய் 'கிரேட்டர் ஏரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! அந்தக் குழப்பம் நமக்கு எதற்கு?

கும்பகோணம் அக்கா சொன்ன 'உள்வாங்கு குழி' நடப்பதைச் சரியாகப் பிடிக்கிறது. ஆனால் 2004க்குப் பிறகு எங்கள் நாகப்பட்டினத்தில் 'உள்வாங்கியது' என்றால் கடல்தான். 'கொப்பரை' ஸ்பானிய மூலத்துக்கு நெருக்கம்தான், அங்கே கால்டெரா என்றால் பெரிய கொப்பரைப் பாத்திரம். ஆனால் பட்டுக்கோட்டைக்காரர்கள் தேங்காய்க் கொப்பரை என்று நினைத்து, கிலோ என்ன விலை என்பார்கள்.

என் பரிந்துரை 'எரிமலைத் தாழி'. அகன்ற வாயுள்ள பாத்திரம், கூடவே 'தாழ்' என்ற வினையும் காதில் விழுகிறது. முதுமக்கள் தாழி நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். வந்தால் வரட்டும், 'எரிமலை' முன்னால் நிற்கிறதே.

சொல் தேறுமா என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"சுமத்ராவின் டோபா தாழி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. ஒரே வெடிப்பில் உருவானதல்ல. சுமார் 12 லட்சம், 8 லட்சம், 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே பெரிய வெடிப்புகள் நடந்துள்ளன. கடைசியாக, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்ததே மிகப் பெரியது. அதன் சாம்பல் வங்கக் கடல் தாண்டி ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்திலும் படிந்திருக்கிறது. பின்னர் அடியிலிருந்து மீண்டும் அழுத்தம் ஏறி, தாழியின் தரை மேலெழுந்தது. தாழி ஏரியின் நடுவே இன்று தெரியும் சமோசிர் தீவு அதுதான்."

நம் டெல்டாவில் அந்தச் சாம்பலைத் தேடி யாரும் மண்வெட்டியோடு கிளம்ப வேண்டாம். மேலே கிடப்பதெல்லாம் காவிரி பின்னால் கொண்டுவந்து கொட்டிய வண்டல்.

தாழி ஏரி, தாழி விளிம்பு, தாழித்தொகுதி (பல தாழிகள் சேர்ந்தது) என்று கிளைச்சொற்கள் தடையில்லாமல் வருகின்றன. 'பெருவாய் ஏரி' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்புதான் வருகிறது. சமோசிர் போல மேலெழுந்த தரைக்கு 'மீளெழு மேடு' எனலாம். சுற்றுப் பிளவுக்கு மட்டும் 'வட்டப்பிளவா', 'வளையப்பிளவா' என்று தயக்கம். பல இடங்களில் அது முழு வட்டமாக இருப்பதில்லை என்பதால் நான் வளையத்தின் பக்கம் சாய்கிறேன். ஐயா என்ன சொல்கிறீர்கள்?