உணவு அரசியல் பேப்பர் எடுக்கலாமா? அப்பா போடும் யூரியாவை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது

நன்னிலம்காரன்:

வணக்கம். சென்னையில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. பொருளாதாரம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். இந்த செமஸ்டர் எலெக்டிவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். 'உணவு அரசியலும் அறமும்' என்று ஒன்று இருக்கிறது, இன்னொன்று வங்கியியல்.

ஆசை என்னவோ முதலாவது மேல்தான். ஆனால் அப்பா ஒன்பது மா நிலத்தில் (சுமார் மூன்று ஏக்கர்) குறுவை, தாளடி என்று இரண்டு போகம் நெல் போடுகிறவர். யூரியா, டிஏபி, பூச்சி மருந்து எல்லாம் உண்டு, அது இல்லாத விவசாயம் அவருக்குத் தெரியாது. போன வருடம் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன், பேசியவர் 'சோறு என்று விஷத்தைப் போடுகிறார்கள்' என்றதும் அரங்கம் முழுக்கக் கைதட்டல். எனக்குக் கை எழவில்லை. அந்த நெல் விற்ற காசில்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஒரு செமஸ்டர் முழுக்க இதையே கேட்க வேண்டும் என்றால் என்னால் முடியாது. இந்த மாதிரிப் பேப்பர் படித்தவர்கள் யாராவது உள்ளே என்ன நடக்கும் என்று சொல்லுங்கள். அப்புறம், நான் பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. வாசிப்பெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தால் சமாளிக்க முடியுமா?

பழைய மாணவி:

தம்பி, முதுகலையில் இதே மாதிரி ஒரு பேப்பர் எடுத்தேன். எங்களுக்கு முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி, 45 கிலோ யூரியா மூட்டை எப்படி 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது, 50 கிலோ டிஏபி ஏன் 1,350 ரூபாய் என்பது. யூரியா விலையை நேரடியாகக் கட்டுப்படுத்துவது மத்திய அரசு, மிச்சச் செலவை மானியமாகக் கொடுப்பதும் அதுதான். எது மலிவோ அது வயலில் கூடுதலாக விழும். உங்கள் அப்பா களத்துமேட்டில் எடுக்கிற முடிவு என்று நாம் நினைப்பதில் பாதி டெல்லியிலேயே எடுத்து முடிக்கப்பட்டது. இதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் அந்தப் பேப்பர், குறைந்தது எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

இன்னும் பின்னால் போனால் உங்கள் மாவட்டமே பாடத்தில் வரும். 1960ல் இந்தியா முழுக்க ஏழு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து உரம், விதை, கடன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்க்கும் 'பேக்கேஜ்' திட்டம் வந்தது, அதில் உங்கள் நன்னிலமும் சேர்ந்திருந்த பழைய தஞ்சாவூர் ஒன்று. அப்புறம் 1965, 66ல் அடுத்தடுத்து வறட்சி. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நம்பி நாடு இருந்த நேரம், அந்நாட்டு அதிபர் ஜான்சனின் அரசு அதையும் சிறுகச் சிறுக அளந்துதான் அனுப்பியது. அந்தப் பயத்தில்தான் குட்டை ரக நெல்லும் கோதுமையும் இவ்வளவு வேகமாக உள்ளே வந்தன. உங்கள் தாத்தாவை யூரியா போடச் சொன்னது அரசாங்கம், அதுவும் வீடு தேடி வந்து.

அதற்காக எல்லாரையும் தடவிக்கொடுத்துவிட்டுப் போகிற பேப்பர் என்று நினைக்காதீர்கள். அதே வருடங்களில், உங்கள் ஊருக்கு அதிகத் தூரமில்லாத கீழ்வெண்மணியில், கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டும் செங்கொடிச் சங்கத்தில் (கம்யூனிஸ்ட் விவசாயத் தொழிலாளர் சங்கம்) நின்றும் போராடிய குடும்பங்களில் 44 பேர் 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். விளைச்சலைக் கூட்டத் திட்டம் வந்த மாவட்டத்தில், விளைந்ததில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு அதுதான் பதிலாகக் கிடைத்தது. அந்த வகுப்பு முடிந்து நான் மெஸ்ஸுக்குப் போனபோது தட்டில் சோறு இருந்தது, ரொம்ப நேரம் கை வைக்க முடியவில்லை.

ஆங்கிலம் முதல் மாதம் கஷ்டம்தான். நான்கு பேர் சேர்ந்து கட்டுரைகளைப் பிரித்துக்கொண்டு ஒருவருக்கொருவர் தமிழில் சொல்லிக்கொள்ளுங்கள், நாங்கள் அப்படித்தான் தேறினோம்.

தெற்குவீதி:

மேலே அக்கா சொன்ன மாதிரி எல்லா இடத்திலும் அமையாது. எனக்கு வாய்த்த பேப்பரில் முக்கால்வாசி 'நீ என்ன சாப்பிட வேண்டும்' என்பதிலேயே போய்விட்டது. சிறுதானியம் நல்லது, பாரம்பரிய அரிசி நல்லது, பாக்கெட் உணவு கெட்டது. சரி, நல்லதுதான். நெல் ஜெயராமன் மாதிரி ஊர் ஊராக அலைந்து அழிந்துபோகவிருந்த ரகங்களைச் சேர்த்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் மாப்பிள்ளைச் சம்பா கிலோ நூறு ரூபாய்க்கு விற்கும்போது, ரேஷனில் இலவச அரிசி வாங்கி உலை வைக்கிற எங்கள் அம்மாவை அந்த வகுப்பில் எங்கே வைப்பது? ஒரு முறை எழுந்து கேட்டேன், அது பொருளாதாரக் கேள்வி, அறம் பற்றியது இல்லை என்று பதில் வந்தது. எனக்கு அது இரண்டும் ஒன்றுதான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால் பெயர் கொடுப்பதற்கு முன்னால் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ரேஷன், கூலி, கொள்முதல், நிலம் இவற்றில் குறைந்தது இரண்டு இல்லையென்றால் வங்கியியலுக்கே போங்கள்.

அமைப்பாளர் மகள்:

சத்துணவு இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் அம்மா 22 வருடமாகச் சத்துணவு அமைப்பாளர், நான் அந்தச் சமையலறையில் வளர்ந்தவள், அதனால் இதை விட்டுவிட முடியவில்லை. 1920ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் என்று தொடங்கியது, காமராஜர், எம்ஜிஆர், 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை, 2010ல் வாரம் ஐந்து முட்டை, 2022ல் காலை உணவு என்று நூறு வருடமாக வந்திருக்கிறது. முட்டை வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுப்போம், வேண்டும் என்கிற பிள்ளையிடமிருந்து அதற்காக முட்டையைப் பிடுங்குவதில்லை. சில மாநிலங்களில் இந்த ஒரு முட்டைக்கு எவ்வளவு சண்டை நடக்கிறது என்று பார்த்தால் இங்கே இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

ஆனால் 2018ல் அவிநாசி பக்கம் ஒரு பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் தகராறு செய்ததும் இதே தமிழ்நாட்டில்தான். முட்டையைக் கொடுத்துவிட்டோம், அதை அவிக்கிற கையை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கைக்குச் சம்பளமும் சரியாக இல்லை. அம்மா இத்தனை வருடம் கழித்தும் அரசு ஊழியர்களுக்கு உள்ளது போன்ற காலமுறை ஊதியம் கேட்டுச் சங்கத்தோடு போய்த் தெருவில் உட்காருகிறார். தம்பி, பேப்பரை எடுத்தால் சமைக்கிறவர்களைப் பற்றி ஒரு கேள்வியாவது கேளுங்கள்.

நன்னிலம்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பாடத்திட்டம் வாங்கிப் பார்த்துவிட்டேன். கொள்முதலும் ரேஷனும் தனி அலகாக இருக்கின்றன, கூலி இல்லை, சத்துணவு இரண்டு வரி. களப்பணிக்கு 40 மதிப்பெண். பெயர் கொடுத்துவிட்டேன்.

களப்பணிக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. குறுவை அறுப்பு நேரத்தில்தான் எங்கள் பக்கம் மழை பிடிக்கும். அரசுக் கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கொட்டி வைத்த நெல் நனைந்துகொண்டே கிடக்கும், மாநில அரசு தளர்வு கேட்டுக் கடிதம் எழுதும், டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போகும், அதற்குள் சில குவியல் முளைத்துவிடும். அப்பா இரவில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அங்கேயே படுத்திருப்பார். இந்த முறை களத்திலேயே நாள் நாளாக ஈரப்பதத்தைக் குறித்து வைக்கலாம் என்று பார்க்கிறேன். மீட்டர் வாங்க வசதியில்லை, யாரிடமாவது இரண்டு வாரத்துக்குக் கடனாகக் கிடைக்குமா?

பழைய மாணவி:

என் தோழி ஒருத்தி மன்னார்குடியில் விதைக்கடை வைத்திருக்கிறாள், அவளிடம் ஒன்று இருக்கிறது. கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன். ஒரே குவியலில் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் எடுங்கள் தம்பி, நேரத்தையும் கூடவே எழுதிவிடுங்கள். எத்தனை நாள் காத்திருந்தது என்பதற்குத் தனியாக ஒரு கட்டம் போட மறக்க வேண்டாம்.